என்எஃப்எல் சாலரி கேப்: மார்ச் வந்தாலே என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சீசன் நடக்கும்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடி எங்கள் ஊர் அணியான ஈகிள்ஸ் ஆடும் மேட்ச் பார்ப்போம். அப்போதெல்லாம் யாரும் கேள்வி கேட்பதில்லை, கத்துவதோடு சரி. மார்ச் பிறந்ததும்தான் போன் வர ஆரம்பிக்கும். "நல்லா ஆடினவனை ஏன் விட்டாங்க?", "காசே இல்லாத டீம் எப்படி இவ்ளோ பெரிய ஆளை எடுத்தது?" என்று வருஷா வருஷம் அதே கேள்விகள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எண்கள் 2025 வரைக்குமானவை. நான் ஈகிள்ஸ் ரசிகன், அந்தச் சாய்வு அங்கங்கே எட்டிப் பார்க்கும்.

1. ஃபுட்பால்னா மெஸ்ஸி ஆடுறதுதானே? அதுல ஏதுப்பா சம்பளத்துக்கு உச்சவரம்பு?

இது அந்த ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். என்எஃப்எல் என்ற லீக்கில் 32 அணிகள். ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பணம் கொடுத்து ஆளை வாங்கும். இங்கே அது கிடையாது. வேறொரு வீரரையோ, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்பையோ கொடுத்துத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் மேல், வீரர்களின் சம்பளக் கணக்கு இந்தத் தொகையைத் தாண்டக் கூடாது என்று எல்லா அணிக்கும் ஒரே வரம்பு. அதுதான் சாலரி கேப்.

1994-இல் இது தொடங்கியபோது வரம்பு 34.6 மில்லியன் டாலர். 2025-இல் 279.2 மில்லியன், நம் பணத்தில் சுமார் 2,400 கோடி ரூபாய். டல்லஸ் கவ்பாய்ஸ் உலகத்திலேயே பெரும் பணக்கார அணிகளில் ஒன்று. கிரீன் பே பேக்கர்ஸ் இருப்பது சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் சின்ன ஊரில், அதற்குத் தனி முதலாளிகூட இல்லை, ஊர் மக்களும் ரசிகர்களும்தான் பங்குதாரர்கள். இரண்டுக்கும் வரம்பு ஒன்றேதான்.

2. இந்த 279 மில்லியனை யார் முடிவு பண்றது?

லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தம். டிவி உரிமை, டிக்கெட், விளம்பரம் என்று வரும் வருமானத்தில் சுமார் 48 சதவீதம் வீரர்களுக்கு. அதை 32-ஆல் வகுத்து, மருத்துவம், ஓய்வூதியம் போன்ற செலவுகளைக் கழித்தால் வருவது கேப். இப்போதைய ஒப்பந்தம் 2020-இல் போட்டது, 2030 சீசன் வரை ஓடும்.

வருமானம் ஏறினால் கேப் ஏறும். 2024-இல் 255.4, அடுத்த வருஷமே 279.2. இறங்கியதும் உண்டு. கொரோனா வருஷத்தில் ஸ்டேடியம் காலியாகக் கிடந்ததால் 2020-இல் 198.2 ஆக இருந்தது 2021-இல் 182.5-க்கு விழுந்தது. கேப் எப்படியும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போட்டவர்கள் அந்த வருஷம் திணறிப்போனார்கள்.

3. ஆஃப்சீசன்னா எல்லாரும் லீவுல இருப்பாங்க இல்ல? அப்ப என்ன வேலை நடக்குது?

வீரர்களுக்கு லீவு, அலுவலகத்துக்கு இல்லை. பிப்ரவரியில் சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முடியும். மார்ச் நடுவில் ஒருநாள் மாலை 4 மணிக்கு புது 'லீக் வருஷம்' பிறக்கும், 2025-இல் அது மார்ச் 12. அந்த நிமிஷம் எல்லா அணியும் கேப்புக்குள் இருந்தாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்த வீரர்களும் அந்த நிமிஷத்தில்தான் சுதந்திரம் ஆகிறார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே அவர்களுடைய ஏஜென்ட்களோடு மற்ற அணிகள் பேசலாம் என்று அனுமதி இருக்கிறது. அதனால் பெரிய செய்தி எல்லாம் திங்கள்கிழமை மதியமே வந்துவிடும்.

ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட், ஜூலை கடைசியில் பயிற்சி முகாம், ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைப்பது. நடுவில் ஜூன் 1 என்று ஒரு தேதி வரும், அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

4. ஐபிஎல் பர்ஸ் மாதிரிதானே இதுவும்?

பாதி வரைக்கும் அதேதான். 2025 ஏலத்துக்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி. ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தது, பர்ஸில் நேராக 27 கோடி குறைந்தது. கொடுத்ததும் எழுதியதும் ஒன்று.

என்எஃப்எல்லில் கொடுக்கும் பணம் வேறு, கணக்கில் எழுதும் பணம் வேறு. இன்றைக்கு 50 மில்லியனைக் கையில் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் இந்த வருஷத்துக்கு 10 மட்டும் எழுதலாம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மீதிப் பக்கம் முழுக்க எளிது. ஒரு ஆள் எவ்வளவு வாங்குகிறார் என்பதைவிட, அது எந்த வருஷத்தில் ஏறுகிறது என்பதைப் பார்த்தே அணிகள் திட்டம் போடுகின்றன.

5. ஒரே ஆளுக்கு 'சம்பளம்' ஒண்ணு, 'கேப் ஹிட்' ஒண்ணுன்னு ரெண்டு நம்பர் போடுறாங்களே, எது நிஜம்?

இரண்டுமே நிஜம். ஒப்பந்தத்தில் பொதுவாக இரண்டு பெரிய பகுதிகள். அந்தந்த வருஷத்துச் சம்பளம் அந்தந்த வருஷக் கணக்கில் ஏறும். கையெழுத்துப் போட்டதும் கொடுக்கும் போனஸை மட்டும் ஒப்பந்தக் காலம் முழுக்கச் சமமாகப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்கு.

ஐந்து வருஷ ஒப்பந்தம், 25 மில்லியன் போனஸ், முதல் வருஷச் சம்பளம் 2 மில்லியன் என்று வையுங்கள். வீரர் கையில் முதல் வருஷம் 27 மில்லியன் வாங்கிவிடுகிறார். கேப் ஹிட், அதாவது அந்த வருஷக் கணக்கில் ஏறும் தொகை, 2-உம் 5-உம் சேர்ந்து 7 மட்டும். மீதி 20 மில்லியன் அடுத்த நாலு வருஷத்தில் ஐந்து ஐந்தாக ஏறும். என் மாமியாருக்கு நான் சொன்ன விளக்கம் இது: முதல் மாசமே சீட்டை எடுத்தாச்சு, பணமும் செலவாகிவிட்டது, ஆனால் மிச்ச மாசத் தவணையை யார் கட்டுவது? அவர் உடனே புரிந்துகொண்டார். எம்பிஏ படித்த என் நண்பனுக்கு இரண்டு நாள் ஆனது.

6. ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறமும் அவன் பேர்ல கணக்கு ஓடுதே, அதென்ன 'டெட் மணி'?

சீட்டு உதாரணம்தான். மேலே சொன்ன வீரரை இரண்டு வருஷம் கழித்துக் கழற்றிவிட்டால், இன்னும் எழுதாமல் இருக்கும் மூன்று வருஷப் போனஸ், அதாவது 15 மில்லியன், மொத்தமாக இந்த வருஷத் தலையில் விழும். ஆள் போயாச்சு, பணம் என்றைக்கோ போயாச்சு, கணக்கு மட்டும் இப்போது வருகிறது. மூன்றாம் வருஷச் சம்பளம் 12 மில்லியன் என்றால், வைத்திருந்தால் கேப் ஹிட் 17, துரத்தினால் 15. மிச்சம் வெறும் 2. "இந்த ஆளை ஏன் இன்னும் வெச்சிருக்காங்க?" என்று கத்துகிறோமே, பெரும்பாலும் காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான்.

இதில் சாதனை படைத்தது டென்வர் பிராங்கோஸ். 2022-இல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ரஸ்ஸல் வில்சனை சியாட்டிலிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர் டென்வருக்காக ஒரு மேட்ச் ஆடுவதற்கு முன்பே, அந்த செப்டம்பரில், ஐந்து வருஷ நீட்டிப்பு, 240 மில்லியனுக்கும் மேல். இரண்டு சீசன் சரிப்படவில்லை. 2024 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். டெட் மணி சுமார் 85 மில்லியன், 2024-இல் 53, 2025-இல் 32. அதற்கு முன் ஒரு ஆளுக்காக இவ்வளவு யாரும் சுமந்ததில்லை. வில்சன் பிட்ஸ்பர்க்குக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 1.21 மில்லியனுக்குப் போய்ச் சேர்ந்தார். டென்வர் ஏற்கெனவே உத்தரவாதம் கொடுத்திருந்ததால் அவருடைய மீதிச் சம்பளத்தையும் டென்வரே கட்டியது. ஆனாலும் பாருங்கள், அதே 2024-இல் போ நிக்ஸ் என்ற புதுப் பையனை வைத்து டென்வர் 10 மேட்ச் ஜெயித்து பிளே ஆஃப் போனது. அது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு 12-ஆவது கேள்வியைப் பாருங்கள்.

7. ஜூன் 1, ஜூன் 1-ங்கிறாங்களே, அன்னைக்கு என்ன நடக்கும்?

அந்தத் தேதிக்குப் பிறகு ஒருவரை விடுவித்தால், டெட் மணி இரண்டாகப் பிரியும். இந்த வருஷப் பங்கு மட்டும் இந்த வருஷம், மீதி அடுத்த வருஷம். நம் 25 மில்லியன் போனஸ்காரர் விஷயத்தில் இந்த வருஷம் 5, அடுத்த வருஷம் 10. இந்த வருஷம் மிச்சமாவது 2-க்குப் பதில் 12.

ஜூன் வரை வீரரைக் காக்கவைப்பது அநியாயம் என்பதால், மார்ச்சிலேயே அனுப்பிவிட்டு "இதை ஜூன் 1 கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஓர் அணிக்கு வருஷத்துக்கு இரண்டு பேர் வரை அனுமதி. ஒரு கண்ணி இருக்கிறது. ஜூன் வரும் வரை அவருடைய முழு 17 மில்லியனும் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும். நல்ல ஆட்கள் விற்றுப்போகும் மார்ச்சில் அந்தப் பணம் உதவாது. டிராஃப்டில் வந்த பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஆகும்.

8. 'ரீஸ்ட்ரக்சர்'னா பாவம் அவன் சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டானா?

இல்லவே இல்லை. பெரும்பாலும் அவருக்குக் கொண்டாட்டம். வாராவாரம் வர வேண்டிய சம்பளம் ஒரே செக்காக முன்கூட்டியே வந்துவிடுகிறது.

இந்த வருஷம் 20 மில்லியன் சம்பளம், இந்த வருஷத்தையும் சேர்த்து நாலு வருஷம் மீதி. அணி 18 மில்லியனை போனஸ் என்று பெயர் மாற்றிக் கையில் கொடுக்கிறது. 18-ஐ நாலால் வகுத்தால் வருஷத்துக்கு 4.5. இந்த வருஷக் கணக்கு 20-லிருந்து 6.5 ஆகிவிட்டது, 13.5 மில்லியன் இடம் கிடைத்தது. அடுத்த மூன்று வருஷமும் கூடுதலாக 4.5 ஏறும். மொத்தத்தில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. பெரிய ஒப்பந்தங்களில் இப்படி மாற்றும் உரிமையை அணி முன்பே எழுதி வாங்கிவிடும், வீரரைக் கேட்கக்கூடத் தேவையில்லை. சம்பளத்தை நிஜமாகவே குறைப்பதற்கு 'பே கட்' என்று பெயர். அதற்கு வீரர் சம்மதிக்க வேண்டும். செய்தியில் எந்த வார்த்தை வருகிறது என்று பாருங்கள்.

9. அவன் 2028-ல ஆடவே போறதில்ல. அப்புறம் ஒப்பந்தம் 2030 வரைன்னு ஏன் எழுதியிருக்கு?

அவை 'வாய்டு இயர்ஸ்', வெற்று வருஷங்கள். போனஸை ஐந்தாகப் பிரிக்கலாம் என்றேன் இல்லையா? இரண்டு வருஷ ஒப்பந்தமாக இருந்தாலும் பின்னால் மூன்று பொம்மை வருஷங்களை ஒட்டிவிட்டால் ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம். குறித்த தேதியில் அந்த வருஷங்கள் தானாக ரத்தாகிவிடும், எழுதாமல் விட்ட போனஸ் டெட் மணியாக வந்து விழும்.

டாம் பிரேடியை வைத்து டாம்பா பே இதைத்தான் செய்தது. அவர் 2023 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். அந்த சீசனில் ஒரு பந்துகூட எறியாத ஆளுக்காக டாம்பா கணக்கில் 35 மில்லியன் ஏறியது. நடுவில் ஒரு சூப்பர் பவுல் கிடைத்ததால் அங்கே யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது இந்த வித்தையை அதிகம் பயன்படுத்துவது எங்கள் ஈகிள்ஸ். ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மனின் கணக்கு என்னவென்றால், கேப் ஏறிக்கொண்டே போகும்போது இன்றைய 10 மில்லியன் நாலு வருஷம் கழித்துச் சின்னப் பங்காகத் தெரியும். கடன் வாங்கி நிலம் வாங்குகிறவர்கள் சொல்லும் நியாயமேதான். 2-ஆவது கேள்வியில் சொன்ன 2021 மாதிரி இன்னொரு வருஷம் வந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டால், வீட்டில் என்னை அபசகுனமாகப் பேசாதே என்கிறார்கள்.

10. 450 மில்லியன், 250 மில்லியன்னு போடுறாங்களே, அவ்வளவும் கைக்கு வருமா?

வராமலே போகலாம். இங்கே ஒப்பந்தத்தில் உத்தரவாதம் கொடுத்த தொகை மட்டுமே உறுதி. மீதிக்கு அணி எப்போது வேண்டுமானாலும் வீரரை அனுப்பிவிடலாம். ஏஜென்ட்கள் கடைசி வருஷத்தில் ஒரு பெரிய சம்பளத்தை எழுதி மொத்தத்தை ஊதிக் காட்டுவார்கள், அந்த வருஷம் வரும்போது ஆள் அங்கே இருக்க மாட்டார். தலைப்பை விட்டுவிட்டு, "முழு உத்தரவாதம் எவ்வளவு, முதல் இரண்டு வருஷத்தில் கைக்கு எவ்வளவு" என்ற இரண்டை மட்டும் தேடுங்கள்.

பேட்ரிக் மஹோம்ஸ் 2020-இல் போட்ட பத்து வருஷ, 450 மில்லியன் ஒப்பந்தம்கூட மொத்தமாக முதல் நாளே உறுதியானதில்லை. வருஷா வருஷம் உத்தரவாதம் உருண்டு சேரும்படி எழுதியது. தலைகீழாக நடந்தது க்ளீவ்லண்டில். 2022-இல் டெஷான் வாட்சனுக்கு ஐந்து வருஷம், 230 மில்லியன், அவ்வளவுக்கும் உத்தரவாதம். மற்ற முதலாளிகள் முகம் சுளித்தார்கள். அடுத்த வருஷம் லமார் ஜாக்சன் 260 மில்லியனுக்குக் கையெழுத்திட்டபோது உத்தரவாதம் 185. வாட்சன் கணக்கு ஒரு விதிவிலக்காகவே நின்றுவிட்டது, க்ளீவ்லண்ட் இன்னும் அதைச் சுமக்கிறது.

11. ஒப்பந்தம் முடிஞ்ச ஆளுக்கு 'டேக்' போட்டு நிறுத்திட்டாங்களாமே, அது எப்படி?

ஓர் அணி வருஷத்துக்கு ஒருவர் மீது 'ஃப்ரான்சைஸ் டேக்' போடலாம். ஒரே வருஷ ஒப்பந்தம். சம்பளம் அந்த இடத்தில் ஆடும் முதல் ஐந்து பேரின் அளவை ஒட்டியது, அல்லது அவருடைய முந்தைய சம்பளத்தின் 120 சதவீதம், எது அதிகமோ அது. வீரர்களுக்கு இது பிடிக்காது. ஒரு காயத்தில் எதிர்காலமே போய்விடலாம் என்கிறபோது அவர்கள் கேட்பது பல வருஷ உத்தரவாதம். லெவியான் பெல் 2018-இல் கையெழுத்தே போடாமல் ஒரு சீசன் முழுக்க வீட்டில் இருந்தார்.

இதைத் தனக்குச் சாதகமாக்கியவர் கர்க் கசின்ஸ். வாஷிங்டன் 2016-இல் டேக் போட்டது, 19.95 மில்லியன். மறுபடி 2017-இல், 120 சதவீதக் கணக்கில் 23.94 மில்லியன். மூன்றாவது தடவை என்றால் இன்னும் பெரிய எகிறல், அது கட்டுப்படியாகாது. 2018-இல் சுதந்திரமாக வெளியே வந்து மினசோட்டாவில் மூன்று வருஷம், 84 மில்லியன், முழு உத்தரவாதத்தோடு கையெழுத்திட்டார். பொறுமையாகக் காத்திருந்து சம்பாதித்த மனுஷன்.

12. எல்லாரும் சின்னப் பையன் குவார்ட்டர்பேக்கா தேடுறாங்களே, அனுபவம் வேண்டாமா?

அனுபவம் வேண்டும், ஆனால் பையன் மலிவு. டிராஃப்டில் வருகிறவருக்கு நாலு வருஷ ஒப்பந்தம், எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்துச் சம்பளம் ஏறக்குறைய முன்பே முடிவாகிவிடும். முதல் சுற்றில் வந்தவர் என்றால் ஐந்தாவது வருஷமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. மூன்று சீசன் முடியும் வரை புது ஒப்பந்தம் பேசவே கூடாது. 2010-இல் முதல் ஆளாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு 78 மில்லியன், அதில் 50 உத்தரவாதம். விதி மாறியது. 2011-இல் முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்கு 22 மில்லியன். ஒரே வருஷத்தில் இவ்வளவு சரிவு.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ப்ராக் பர்டி கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்வி முடியாது. 2022 டிராஃப்டில் 262-ஆவது, அதாவது கடைசி ஆள். 2023-இல் அவர் சம்பளம் 8,70,000 டாலர். அதே வருஷம் மற்ற ஊர்களில் அதே வேலைக்கு 50 மில்லியன் பேசிக்கொண்டிருந்தார்கள். மிச்சமான பணத்தில் அவரைச் சுற்றி நட்சத்திரங்களை அடுக்கி, அந்த சீசனில் சூப்பர் பவுல் வரை போனார்கள், கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். 2025 மே மாதம் பர்டிக்கு ஐந்து வருஷம், 265 மில்லியன். அதற்கு முன்னாலேயே, அந்த மார்ச்சில், வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்: டீபோ சாமுவேல் வாஷிங்டனுக்கு, ஹுஃபாங்காவும் க்ரீன்லாவும் டென்வருக்கு, சார்வேரியஸ் வார்டு இண்டியானாபொலிஸுக்கு. பையன் மலிவாக இருக்கும் அந்த மூன்று நாலு வருஷம்தான் ஜன்னல். டென்வர் 85 மில்லியனைச் சுமந்துகொண்டே பிளே ஆஃப் போனதும் இந்த ஜன்னல் வழியாகத்தான்.

13. சாக்வான் பார்க்லியை ஜயன்ட்ஸ் எப்படிங்க விட்டாங்க? மூளை இல்லையா?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி சிரித்துக்கொண்டே கேட்கப்படும். 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவர் மீது டேக் போட்டது, சுமார் 10 மில்லியன். 2024-இல் விட்டுவிட்டது. ஈகிள்ஸ் மூன்று வருஷம், 37.75 மில்லியன் கொடுத்து எடுத்தது. முதல் சீசனிலேயே 2,005 யார்டு ஓடினார், சூப்பர் பவுலும் வந்தது.

ஆனாலும் ஜயன்ட்ஸ் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. பார்க்லி மாதிரி பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் ஓட்டக்காரர்களின் உடம்பு சீக்கிரம் தேயும், 27 வயதில் பெரிய ஒப்பந்தம் ஆபத்து என்பது பொதுக் கணிப்பு. அதோடு, வெளியே போகும் வீரர்களுக்கு ஈடாக லீக் அடுத்த வருஷ டிராஃப்டில் மூன்று முதல் ஏழாம் சுற்றுக்குள் கூடுதல் வாய்ப்பு தரும், போனவர்களும் வந்தவர்களும் கழித்துப் பார்த்து. வேறு அணி கழற்றிவிட்ட ஆளை எடுத்தால் இந்தக் கழித்தலில் சேராது. அதனால் மார்ச்சில் சில அணிகள் ஒப்பந்தம் முடிந்தவரைத் தொடாமல், துரத்தப்பட்டவர்களுக்காகக் காத்திருக்கும்.

14. டிரேடு பண்ணினா கடன் புது டீமுக்குப் போயிடுமா?

போகாது. இனி வரும் சம்பளம் மட்டும் புது அணிக்கு. கொடுத்து முடித்த போனஸின் மீதிக் கணக்கு பழைய அணியிலேயே தங்கும், 6-ஆவது பதிலில் சொன்ன மாதிரி. அட்லாண்டா 2022-இல் மேட் ரையனை இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்து வாங்கியது ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு, சுமந்தது 40.5 மில்லியன் டெட் மணி. ஈகிள்ஸும் 2021-இல் கார்சன் வென்ட்ஸை அனுப்பி 33.8 மில்லியன் சுமந்தது. அந்த இடத்தில் இரண்டாம் சுற்றில் வந்த ஜேலன் ஹர்ட்ஸ், மலிவுச் சம்பளத்தில், 2022 சீசனில் எங்களை சூப்பர் பவுலுக்குக் கூட்டிப் போனார். வலி பொறுத்துக்கொண்டால் சில சமயம் பலன் உண்டு.

15. ஓய்வு பெற்றாலும் டெட் மணியா? அவனாத்தானே போறான்!

ஆமாம், கணக்குக்கு அது தெரியாது. அதனால் நல்ல உறவில் இருக்கும் மூத்த வீரர்கள் ஓர் உதவி செய்வார்கள். ட்ரூ ப்ரீஸ் 2021 மார்ச்சில் ஓய்வை அறிவிப்பதற்கு முன், 25 மில்லியன் சம்பளத்தை 1.075 மில்லியனாகக் குறைத்து எழுதிக் கொடுத்தார். அப்படி இருந்தால் ஓய்வுக் காகிதத்தை ஜூன் 1-க்கு அப்புறம் நகர்த்தி, டெட் மணியை இரண்டு வருஷமாகப் பிரிக்கலாம், அதுவரை சின்னத் தொகைதான் கணக்கில் உட்காரும்.

போனஸில் மீதியை வீரரிடம் திருப்பிக் கேட்கும் உரிமையும் அணிக்கு உண்டு. 2019 ஆகஸ்டில் ஆண்ட்ரூ லக் 29 வயதில் திடீரென்று விலகியபோது, இண்டியானாபொலிஸ் சுமார் 24.8 மில்லியனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

16. 90 பேர் முகாம்ல இருக்காங்க. எல்லார் சம்பளமும் சேர்ந்தா கேப் தாண்டாதா?

ஆஃப்சீசனில் மேலிருந்து 51 பேரின் கணக்கும் டெட் மணியும்தான் எண்ணப்படும். இதில் ஒரு சின்ன லாபம். 3 மில்லியனுக்கு ஓர் ஆளை எடுத்தால் 51-ஆவது இடத்தில் இருந்த 9,60,000 டாலர்காரர் பட்டியலிலிருந்து கீழே இறங்குவார், ஆக உண்மைச் செலவு 2.04 மில்லியன். டிராஃப்டில் கடைசிச் சுற்றுகளில் வரும் பையன்கள் சம்பளக் கணக்கில் ஏறாமலே கழிந்துவிடுவார்கள். செப்டம்பரில் சீசன் தொடங்கியதும் இந்தச் சலுகை முடிந்தது. 53 பேர், காயப்பட்டவர்கள், 16 பேர் பயிற்சி அணி, எல்லாமே கணக்கு.

17. எப்படியும் தள்ளிப்போடலாம்னா, கேப்புங்கறதே சும்மா ஒரு கட்டுக்கதைதானே?

இதை உறுதியாகச் சொல்பவர்கள் நியூ ஆர்லியன்ஸைப் பார்க்க வேண்டும். 2021-இல் கேப் விழுந்த வருஷம் அவர்கள் சுமார் 100 மில்லியன் அதிகமாக இருந்தார்கள். 8-ஆவது, 9-ஆவது பதில்களில் உள்ள வித்தை அத்தனையும் செய்து மார்ச் தேதிக்குள் உள்ளே வந்தார்கள். கட்டுக்கதைக் கட்சி கைதட்டியது. 2021 முதல் 2024 வரை நாலு சீசனில் ஒரு பிளே ஆஃப்கூட இல்லை, கடைசியில் 5 வெற்றி 12 தோல்வி. 2025 மார்ச்சில் குவார்ட்டர்பேக் டெரெக் காரின் ஒப்பந்தத்தை ரீஸ்ட்ரக்சர் செய்து பணத்தைப் பின்னால் தள்ளினார்கள். மே மாதம் அவர் தோள்பட்டைக் காயத்தால் ஓய்வே பெற்றுவிட்டார்.

ஈகிள்ஸும் தள்ளுகிறது, நியூ ஆர்லியன்ஸும் தள்ளுகிறது. தள்ளிய பணம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 25 வயது ஆள் பெயரில் தள்ளினால் பணம் திரும்பி வரும்போது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார். 33 வயது ஆள் பெயரில் தள்ளினால் நினைவுதான் மிச்சம்.

18. ஏமாத்தினா மாட்டுவாங்களா?

ஒவ்வொரு ஒப்பந்தமும் லீக் அலுவலகம் பார்த்துச் சரி சொன்ன பிறகே செல்லும். வேடிக்கையான வழக்கு 2012-இல் வந்தது. 2010 ஒரு வருஷம் மட்டும் கேப்பே கிடையாது. அந்த வருஷத்தில் வாஷிங்டனும் டல்லஸும் பெரிய ஒப்பந்தங்களின் சுமையைக் கொண்டுபோய்க் கொட்டின. விதிப்படி தவறில்லை என்றார்கள், ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து நடக்கவில்லை என்று வாஷிங்டனுக்கு 36 மில்லியன், டல்லஸுக்கு 10 மில்லியன் கேப் வெட்டு. வரம்பே இல்லாத வருஷத்தில் வரம்பை மீறியதாகத் தண்டனை. எனக்கு இன்றைக்கும் அது நியாயமாகப் படவில்லை, ஈகிள்ஸ் ரசிகனாகச் சிரிக்கவும் தவறவில்லை.

19. சரி, நீயே மேனேஜர். 20 மில்லியன் அதிகமா இருக்கு. முதல்ல எதைத் தொடுவே?

முதலில் அந்த 20 பொய் என்பதைப் புரிந்துகொள்வேன். டிராஃப்ட் பையன்களுக்கு வேண்டும், பயிற்சி அணிக்குச் சுமார் 4 மில்லியன் வேண்டும், அக்டோபரில் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுவார், அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவும் கையில் இருக்க வேண்டும். எனவே நிஜத் தேவை 35 பக்கம்.

அடுத்து, 30 தாண்டியவர்கள், உத்தரவாதம் முடிந்தவர்கள், டெட் மணி குறைவானவர்கள் என்று ஒரு பட்டியல். யாரை அனுப்புவதென்றாலும் தேதி பார்ப்பேன். லீக் வருஷம் பிறந்த மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு போனஸோ உத்தரவாதமோ பிறக்கும், அதற்கு முந்தின நாளே முடிவு வேண்டும். அனுப்ப மனமில்லாதவரிடம் சம்பளக் குறைப்பு பேசலாம், அது சங்கடமான பேச்சு. நன்றாக ஆடும், ஒப்பந்தத்தில் ஒரே வருஷம் மீதியுள்ள இளைஞருக்கு இப்போதே நீட்டிப்பு கொடுப்பேன். அவருக்குப் புதுப் பணம், எனக்கு இந்த வருஷ ஹிட் குறைவு. ரீஸ்ட்ரக்சரைக் கடைசியாகத்தான் எடுப்பேன், அதுவும் மூன்று வருஷம் கழித்தும் இங்கே இருப்பார் என்று சத்தியம் பண்ணக்கூடியவர் மீது மட்டும். அப்படிப்பட்டவர்கள் எந்த அணியிலும் ஐந்தாறு பேருக்கு மேல் இருப்பதில்லை.

20. ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமை துரத்தின மூத்த ஆளை ஒரு வாரம் கழிச்சுத் திரும்பக் கூப்பிடுறாங்களே, என்ன விளையாட்டு இது?

90-லிருந்து 53 என்றால் அணிக்கு 37 பேர், 32 அணிக்கும் சேர்த்து 1,184 பேர். காலையில் ஒருவர் வந்து தோளைத் தட்டி "கோச் கூப்பிடுறார், ஆட்டக் குறிப்பையும் எடுத்துட்டு வா" என்பார். அந்தச் செய்தி சொல்பவருக்கு லீக்கில் 'டர்க்' என்று பட்டப்பெயரே உண்டு. முகாமில் அவர் நடைபாதையில் வந்தால் பேச்சு நின்றுவிடுமாம்.

இளைஞர் ஒருவரை விடுவித்தால் மற்ற அணிகள் வரிசைப்படி அவரைப் பிடித்துக்கொள்ளலாம். நாலு சீசன் முடித்த மூத்தவரை அந்த நேரத்தில் விடுவித்தால் அவர் நேராகச் சுதந்திரம், யாரோடு சேர்வது என்பது அவர் விருப்பம். எனவே பறிபோகும் பயமுள்ள பையனை 53-க்குள் வைத்துவிட்டு, மூத்தவரிடம் "ரெண்டு நாள் வீட்ல இரு, கூப்பிடுறோம்" என்று கைகொடுத்து அனுப்புவார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. முதல் வாரப் பட்டியலில் பெயர் இருந்தால் மூத்த வீரருக்கு அந்த வருஷச் சம்பளம் முழுக்க உறுதியாகிவிடும். இரண்டாம் வாரம் கூப்பிட்டால் வாரக் கூலி கணக்குதான். பத்து வருஷம் ஆடிய ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் போன் வரும்.